ஹெலிகாப்டர் ஆசையும் நன்னிமாவின் மனையும்

(தாமலில் நமது அறக்கட்டளை நடத்திய பிளஸ் டூ மாணவர் வழிகாட்டி முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)





நோட்டீஸில் என் தலைப்பு "பொறியியலா, மருத்துவமா, வேறு படிப்பா" என்று அச்சாகியிருக்கிறது. மன்னிக்கவும், நான் அதைப் பேசப் போவதில்லை. அதைப் பேச கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதமாக அறக்கட்டளை அலுவலகத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன், பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்துப் படிப்பவன், அத்தாவோடு வந்தான். பெயர் வேண்டாம். அத்தா காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையில் விற்பனையில் இருக்கிறார். "என்ன படிக்கப் போறே தம்பி?" என்றேன். "ஹெலிகாப்டர் பைலட் ஆகணும் ஹஜ்ரத்" என்றான். நான் ஹஜ்ரத் இல்லை, மதரஸாவில் ஓதியதால் சில பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள், அது இருக்கட்டும். எங்கிருந்து வந்தது இந்த ஆசை என்று கேட்டதற்கு, "ஏரிக்கரையில கிரிக்கெட் ஆடும்போது தலைக்கு மேல போகுமே, அதப் பாத்துதான்" என்றான்.

நம் தாமல் ஏரிக்கு மேல் பறப்பவை அரக்கோணத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்கள். நாமெல்லாரும் பார்த்ததுதான், பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம். இந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சந்தோஷம் அடுத்த நிமிடமே போய்விட்டது. அத்தா ஒரு காகிதத்தை நீட்டினார். சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்கில் கொடுத்தது. வெளிநாட்டில் பயிற்சி, பதினோரு மாதத்தில் உரிமம், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம், ஐந்து லட்சம் முன்பணம். மீதிப் பணத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் பையனுடைய நன்னிமா பெயரில் ஒரு மனை இருக்கிறது. அதை விற்றுவிடலாம், குறைகிற தொகையை அறக்கட்டளை கர்ளு ஹஸனாவாகக் கொடுக்கட்டும் என்றார்.

உடனே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கப்பலில் வேலை என்று ஒரு பையன் வந்தான். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு நானே எழுந்து நின்று வசூல் செய்து கொடுத்தேன். அவன் படித்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரமே இல்லை என்பது படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். என்னைப் பார்த்தால் சலாம் சொல்கிறான், குறை சொல்வதில்லை. குறை சொன்னால்கூட எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

ஆகவே இந்தத் தடவை முதலில் விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். ஹெலிகாப்டர் வேண்டாதவர்களும் கேளுங்கள். நாளை வேறு ஒரு படிப்பின் பெயரில் இதே காகிதம் உங்கள் வீட்டுக்கும் வரும்.

வணிக ரீதியாக ஹெலிகாப்டர் ஓட்ட டி.ஜி.சி.ஏ. என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், உடல் தகுதிச் சான்று வேண்டும். விமான வழிகாட்டல், வானிலை, விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது. அத்தோடு ரேடியோவில் பேசுவதற்கான தேர்வு. இதெல்லாம் படித்தால் வந்துவிடும், நம் பிள்ளைகளுக்கு மூளைக்குக் குறைவில்லை. பிறகு பறக்க வேண்டும். விமானத்துக்கு 200 மணி நேரம், ஹெலிகாப்டருக்கு 150 மணி நேரம். "விமானத்தைவிடக் குறைவுதானே, லாபம்தானே" என்று அந்தக் கருத்தரங்கில் சொன்னார்களாம். மணி குறைவுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கான செலவு சிறிய பயிற்சி விமானத்தைவிட ஹெலிகாப்டரில் மிக அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அமெரிக்காவில் சின்னப் பயிற்சி ஹெலிகாப்டருக்கு மணிக்கு 400 டாலர் என்று வைத்தால் 150 மணிக்கு 60,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 51 லட்சம் ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, விசா, டிக்கெட் தனி. அங்கே வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டிவிட முடியாது. இங்குள்ள தேர்வுகளை எழுதி, பறந்து காட்டி, இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்கும் பணம். அறுபது லட்சத்தில் நின்றால் அதிர்ஷ்டம். உள்நாட்டிலேயே படிக்கலாமே என்றால், ஹெலிகாப்டர் கற்றுத்தரும் சிவில் பள்ளிகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெங்களூரில் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் ரோட்டரி விங் அகாடமி அவற்றில் ஒன்று.

சரி, அறுபது லட்சம் போட்டு உரிமம் வாங்கிவிட்டான். வேலை கொடுப்பவர் யார்? இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும்.

இந்தியா முழுவதும் உள்ள சிவில் ஹெலிகாப்டர்களை எண்ணினால் ஏறத்தாழ முந்நூறுக்குள் அடங்கிவிடும். இண்டிகோ என்ற ஒரே கம்பெனியிடம் நானூறுக்கும் மேல் விமானங்கள் இருக்கின்றன. அந்த முந்நூறுக்குள் என்ன வேலை? மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் கொண்டுபோவது, கேதார்நாத், வைஷ்ணோ தேவி போன்ற மலைக்கோயில்களுக்கு யாத்ரீகர்களைக் கொண்டுபோவது, அமைச்சர்கள், தொழிலதிபர்களை ஏற்றிச் செல்வது, தேர்தல் வந்தால் தலைவர்களை ஏற்றிச் செல்வது. இதில் எதையாவது 150 மணி நேரம் பறந்த இருபது வயதுப் பையனிடம் கொடுப்பார்களா? நீங்கள் கொடுப்பீர்களா? கேதார்நாத்தில் 2022 அக்டோபரில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் சென்னைக்காரர்கள். 2025 ஜூனில் அதே மலைப்பாதையில் இன்னொன்று விழுந்தது, மறுபடியும் ஏழு பேர். அந்த இரண்டாவது ஹெலிகாப்டரை ஓட்டியவர் ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே அந்த மலையும் மேகமும் அப்படி என்றால், கம்பெனிக்காரர்கள் மணிக்கணக்கு கேட்பதில் தப்பு சொல்ல முடியாது. தனியாகப் பொறுப்பேற்று ஓட்ட ஆயிரம் மணி, அதற்கும் மேல் என்று கேட்கிறார்கள்.

ஆயிரம் மணி எங்கே கிடைக்கும்? வேலையில் இருந்தால் கிடைக்கும். வேலை எப்போது கிடைக்கும்? ஆயிரம் மணி இருந்தால் கிடைக்கும். குஞ்சு முதலா, முட்டை முதலா என்ற கதை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உரிமம் வாங்கியவர் படித்த பள்ளியிலேயே ஆசிரியராகி, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே ஆயிரம் மணியைச் சேர்த்துவிடுகிறார். பிறகு சுற்றுலா ஹெலிகாப்டர், எண்ணெய்க் கிணறு என்று போகிறார். மாணவர் விசாவில் போகும் நம் பையனுக்கு அங்கே அந்த ஆசிரியர் வேலை எளிதில் அமையாது. இங்கே திரும்பி வந்தால் பள்ளிகளே நாலைந்து, யாருக்குக் கற்றுக்கொடுப்பது? அவன் போட்டி போட வேண்டியது யாரோடு என்று பாருங்கள். விமானப்படை, கடற்படை, ராணுவம், கடலோரக் காவல்படையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டாயிரம் மூவாயிரம் மணி நேரம் பறந்து, முப்பத்தைந்து நாற்பது வயதில் வெளியே வருகிறவர்களோடு. நம் நாட்டின் சிவில் ஹெலிகாப்டர் பைலட்டுகளில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. ஹெலிகாப்டரில் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித் தகுதி வாங்க வேண்டும். சின்ன ராபின்சனில் கற்றவன் கடலுக்குப் போகும் பெரிய ஹெலிகாப்டரில் உட்கார மறுபடி பயிற்சி, மறுபடி லட்சங்கள். வேலை இல்லாமல் சும்மா இருந்தால் உரிமமும் சும்மா இருக்காது. உயிரோடு வைத்திருக்க அவ்வப்போது காசு கொடுத்துப் பறந்து காட்ட வேண்டும்.

சம்பளம் என்ன என்று அந்த அத்தா பலமுறை கேட்டார். அனுபவமுள்ள கேப்டனுக்கு மாதம் சில லட்சங்கள் வரும், பொய் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2024 கணக்கில், பெரிய ஏர்லைன்ஸ் அல்லாத வணிக பைலட்டின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 1,22,670 டாலர். காகிதத்தில் அச்சடிப்பது இந்த எண்களைத்தான். அது மேல் படிக்கட்டில் நிற்பவரின் சம்பளம். கீழ்ப் படிக்கட்டில் கால் வைக்கக் காத்திருக்கும் வருடங்களுக்குச் சம்பளம் பூஜ்யம். யாத்திரை வேலை பருவ வேலை, பலருக்கு ஒப்பந்தம்தான்.

அந்த அறுபது லட்சத்தை வங்கியில் பத்தரை சதவீதத்துக்கு, பத்து வருடத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 81,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து வருடத்தில் கட்டும் மொத்தம் 97 லட்சம். அதில் 37 லட்சம் வட்டி. வட்டி ஹராம் என்பதை ஹஜ்ரத் அவர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி சொத்து ஈடு கேட்கும். ஆக எப்படிச் சுற்றினாலும் நன்னிமாவின் மனைக்குத்தான் வந்து நிற்கிறது. சிறுபான்மையினருக்கான டாம்கோ கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கலாம். தேசிய சிறுபான்மையினர் கழகத்தின் திட்டத்தில் உள்நாட்டுப் படிப்புக்கு 20 லட்சம் வரை, வெளிநாட்டுக்கு 30 லட்சம் வரை. குறைந்த விகிதம்தான், வருமான வரம்பும் உண்டு. ஆனாலும் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசு கொடுத்துவந்த 'படோ பர்தேஷ்' வட்டி மானியமும் 2022-23 முதல் நின்றுபோய்விட்டது.

அந்த அத்தாவோடு நானும் அந்தக் கருத்தரங்குக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். ஏ.சி. அறை, நல்ல டீ. ஒரே கேள்விதான் கேட்டேன். "மூன்று வருடத்தில் உங்கள் வழியாக ஹெலிகாப்டர் உரிமம் வாங்கிய ஒரே ஒரு பையன், இன்று எந்தக் கம்பெனியில் இருக்கிறான்? அவனிடம் போனில் பேசலாமா?" தகவல் பாதுகாப்பு என்றார்கள். இன்னொரு டீ வந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

இதைச் சொன்னதற்கு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது, என் காதுக்கும் வந்தது. "செயலாளர் பாய் ஏழைப் பிள்ளையோட ஆசையில மண்ணப் போடறார். ஹைதராபாத்ல பேக்கரி வேலைக்காரர் மக பைலட் ஆகலையா?" ஆனார். ஸல்வா ஃபாத்திமா. பழைய ஹைதராபாத்துப் பெண், நம்மைப்போன்ற குடும்பம். அல்ஹம்துலில்லாஹ், எனக்கும் பெருமைதான். ஆனால் முழுக் கதையையும் கேளுங்கள். அவர் படித்தது விமானம், ஹெலிகாப்டர் அல்ல. ஒரு உருது நாளிதழின் ஆசிரியர் கைகொடுத்தார். 2007-ல் சேர்ந்தவருக்கு உரிமம் கிடைத்தது 2013-ல். அதன் பிறகும் மேல்பயிற்சிக்குப் பணமில்லாமல் காத்திருந்தார். தெலங்கானா அரசு முப்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தபிறகுதான் வழி திறந்தது. ஒரு பத்திரிகையும் ஒரு அரசாங்கமும் சேர்ந்து தூக்கிய பாரத்தை ஒரு நன்னிமாவின் மனை தூக்கும் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆசையில் மண் போட நான் வரவில்லை. பையன் ஆசைப்பட்டது ஹெலிகாப்டருக்கு, அந்த ஓட்டல் கருத்தரங்குக்கு அல்ல. அவன் அண்ணாந்து பார்த்த ஹெலிகாப்டர் எங்கிருந்து வந்தது? அரக்கோணத்திலிருந்து.

ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் அங்கேதான் இறங்கின, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குள்ளே ஒரு பள்ளி இருக்கிறது. கடற்படையின் 561-ஆவது அணி, ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி. கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் ஹெலிகாப்டர் பைலட்டுகளை உருவாக்கும் இடம். நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் வந்து நம் பக்கத்து ஊரில் படித்துவிட்டுப் போகிறார்கள். நம் தாலுகாவிலிருந்து யாராவது போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 2024 ஜூன் 7-ஆம் தேதி அங்கே பயிற்சி முடித்துத் தங்கச் சிறகு குத்திக்கொண்ட 21 அதிகாரிகளில் ஒருவர் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

அங்கே கட்டணம் கிடையாது. அவர்கள் நமக்குத் தருகிறார்கள். பிளஸ் டூ முடிக்கும்போதே எழுதக்கூடியது யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை. விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் நூறு ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. அங்கே ஐந்து லட்சம் முன்பணம், இங்கே நூறு ரூபாய்! பட்டம் முடித்தவர்களுக்கு விமானப்படையின் ஏ.எஃப்.கேட். தேர்வு, கடலோரக் காவல்படையின் உதவி கமாண்டன்ட் தேர்வு என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அதிகாரியாகச் சேரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவ சேவைப் படி 15,500, பைலட் ஆனால் பறத்தல் படி 25,000, மேலே அகவிலைப்படி. ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். படையில் பணி முடித்து வெளியே வரும்போது, முன்னால் சொன்னேனே, கம்பெனிகள் தேடும் ஆள், அது அவனாகவே இருப்பான்.

இது சுலபம் என்று சொன்னால் நானும் அந்த ஓட்டல்காரர் போல ஆகிவிடுவேன். சுமார் நானூறு இடத்துக்கு லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் நேர்முகம், அதில் ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வேண்டும். நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் அதுதான், கணக்கில் அல்ல. விமானப்படைக்கு பைலட் தகுதித் தேர்வு என்று ஒன்று வைக்கிறார்கள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தவறினால் பைலட் கதவு மூடியது. எல்லாம் தேறினாலும் ஹெலிகாப்டரா, போர் விமானமா என்பதைப் பயிற்சியில் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஆபத்தும் உண்டு. 2021 டிசம்பரில் குன்னூரில் நடந்ததை நாடே பார்த்தது. தாடி பற்றி ஒருவர் கேட்டார். விமானப்படையில் அனுமதி இல்லை என்பதை 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கடற்படையில் அனுமதி பெற்று வைக்கலாம். வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணம் பற்றி அறக்கட்டளையின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஸகாத் நிதியிலிருந்து இவ்வளவு பெரிய தொகையை ஒரு பையனுக்குக் கொடுக்க வழியில்லை. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களும் ஒரு வகை. நம் கையால் ஒருவரை அந்த வகைக்குள் தள்ளிவிட்டு, பிறகு அதே கையால் ஸகாத் கொடுப்பதா என்று நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் கர்ளு ஹஸனா நிதியில் இந்த வருடம் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கியிருக்கிறோம். டி.ஜி.சி.ஏ. மருத்துவரிடம் முதலில் செய்யும் கிளாஸ் டூ பரிசோதனைக்கும், என்.டி.ஏ. புத்தகங்களுக்கும். படைகளின் மருத்துவத் தகுதி தனி, அதை அவர்களே பார்ப்பார்கள். ஆனால் நிறக்குருடு இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் பைலட் இல்லை. அதைச் சில ஆயிரம் ரூபாயில் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம், மனையை விற்றபிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

அந்தப் பையனுக்குப் பரிசோதனை முடிந்தது. கண் நன்றாக இருக்கிறது, மாஷா அல்லாஹ். என்.டி.ஏ. விண்ணப்பம் போட்டிருக்கிறான். அத்தாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம் இன்னும் இருக்கிறது. போன வாரம் ஜும்ஆவில் கை கொடுத்தார், பேசவில்லை. நன்னிமாதான் பேத்தியிடம் சொல்லி அனுப்பினார்கள், "மனை அங்கேயே இருக்கு, பையன் பாஸ் பண்ணட்டும், பாத்துக்கலாம்" என்று.

வரும் ஞாயிறு முதல் மதரஸா மாடியில் அஸருக்குப் பிறகு ஆங்கிலப் பேச்சு வகுப்பு தொடங்குகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இலவசமாக எடுக்கிறார். பெண்களுக்குத் தனி நேரம், காலை பத்து மணி. என்.டி.ஏ. விண்ணப்பம் போட வேண்டிய பிள்ளைகள் பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். இது போன்ற கருத்தரங்குக் காகிதம் யார் வீட்டுக்காவது வந்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.